சாப்பாட்டுப் பெயர் வைத்த பழைய நிரல்: பெயர்களை மாற்றவா, அப்படியே விடவா?

மளிகைப்_பிள்ளை (சுங்கை சிப்புட்)

வணக்கம் அண்ணன்மார்களே, அக்காமார்களே. சுங்கை சிப்புட்டில் எங்கள் சித்தப்பாவின் மளிகைக் கடை இன்னமும் நான் கல்லூரியில் படித்தபோது விஷுவல் பேசிக் 6-இல் எழுதிக்கொடுத்த புரோகிராமில்தான் ஓடுகிறது. இப்போது சித்தப்பா மகன் அதைப் பைத்தானில் புதிதாக எழுதப் போகிறான். அவனோடு பாலிடெக்னிக்கில் படித்த ஒரு மலாய்ப் பையனும் கூட இருந்து செய்கிறான். நான் கோலாலம்பூரில் இருப்பதால் நிரலை அவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும், அங்கேதான் இந்தக் கேள்வி வந்தது.

அந்த நிரல் முழுக்கச் சாப்பாட்டுப் பெயர்கள். கடையைச் சுற்றி அரிசி மூட்டையும் புளியும் இருக்கும்போது வேறு எந்தப் பெயர் வாயில் வரும்? கடன் கணக்கு வைத்திருக்கும் டேபிளுக்குப் பெயர் ஊறுகாய். தோட்டத்து ஆள்கள் மாதம் முழுக்கச் சாமான் எடுத்துவிட்டுச் சம்பளம் போட்டதும் வந்து கட்டுவார்கள், அதுவரை கணக்கு ஊற வேண்டியதுதானே. அதற்கு முன்னால் எல்லாம் 555 கொப்பியில் (சின்னக் கணக்கு நோட்டில்) எழுதி வைத்திருந்தார் சித்தப்பா, அந்தக் கொப்பிகள் இன்னும் ஒரு மைலோ டின்னுக்குள் இருக்கின்றன. ஒவ்வொரு ராத்திரியும் கடை மூடும்போது பேக்கப் எடுக்கும் ஃபோல்டருக்குப் பெயர் பழையது. நேற்றுப் பொங்கியது இன்றைக்குக் காலையில் உதவும் என்ற கணக்கு.

அப்புறம் மிட்டாய். 2008 ஏப்ரல் 1-லிருந்து 1 சென் காசு புழக்கத்தில் இல்லாமல், பில் தொகையை 5 சென்னுக்கு முழுமையாக்க வேண்டும் என்று பேங்க் நெகாரா (மலேசிய மத்திய வங்கி) சொன்னபோது எழுதிய ஃபங்ஷன் (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு) அது. சில்லறை இல்லாவிட்டால் மிட்டாய் கொடுப்பது நம் கடைகளின் வழக்கம், அதனால் சில்லறையைச் சரிக்கட்டும் ஃபங்ஷனும் மிட்டாய். 2015-இல் ஜிஎஸ்டி (பொருள், சேவை வரி) வந்தது, 6 விழுக்காடு, எல்லாவற்றின் மேலும் கொஞ்சம் தூவ வேண்டும். அதற்கு உப்பு என்று பெயர் வைத்தேன். அரிசி, சீனி, மாவு, சமையல் எண்ணெய் போன்றவற்றுக்கு வரி பூஜ்யம் என்று இருந்ததே, அந்தச் சாமான்களுக்குப் பக்கத்தில் பத்தியம் என்று ஒரு கொடி, அதாவது ஆம், இல்லை என்று சொல்லும் அடையாளம். பத்தியம் இருந்தால் உப்பு போடாதே. உப்புப் பாக்கெட்டுக்கும் வரி பூஜ்யம், ஆக எங்கள் புரோகிராமில் உப்பே பத்தியம். 2018 ஜூன் 1-இல் எல்லாவற்றுக்கும் பூஜ்யம் என்று ஆன அன்றைக்கு நிரலில் நான் எழுதிய குறிப்பு: "இன்று முதல் ஊரே பத்தியம்."

பெயர்கள் எல்லாம் ரோமன் எழுத்தில் இருக்கின்றன, இங்கே உங்களுக்காகத் தமிழில் எழுதியிருக்கிறேன். இந்தப் பெயர்கள் மேல் எனக்குப் பிரியம் அதிகம். ஆனால் என் பிரியத்துக்காக இரண்டு பையன்கள் கஷ்டப்படக் கூடாது. எதை வைக்கலாம், எதை மாற்றலாம்? உங்கள் பழைய நிரலில் இதுபோல் என்ன இருக்கிறது? சொல்லுங்கள், பையன்களிடமும் காட்ட வேண்டும்.

தண்டல்_பேரன் (தெலுக் இந்தான்)

அக்கா, பத்தியத்தைப் படித்துவிட்டு ஆபீசில் சத்தமாகச் சிரித்துவிட்டேன், பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் விளக்கிச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள், உங்கள் கடையில் உப்பில்லாப் பண்டம்தான் முதல் அலமாரியில்!

நானும் விபி 6 ஆள்தான். தோட்டத்து ஆபீசில் செக்ரோல் (ஆள்களின் வேலைநாள், சம்பளப் பதிவேடு) கணக்கு போடும் புரோகிராம் ஒன்று கைக்கு வந்தது, எழுதினவர் வேலையை விட்டுப் போய்விட்டார். அதில் பிழை வந்தால் கண்டுகொள்ளாமல் அடுத்த வரிக்குப் போ என்று சொல்லும் அந்த ஆன் எர்ரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட் இருக்கிறதே, அது எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் மேலே ஒரு வரியில் "பூசணி" என்று மட்டும் குறிப்பு. முதலில் ஒன்றும் புரியவில்லை. வீட்டில் அம்மா யாரையோ திட்டும்போது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறான் என்று சொன்னாரே, அப்போதுதான் பளிச்சென்றது. மறைத்து வைத்த இடத்தையெல்லாம் அந்த மனிதர் அடையாளம் போட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறார்! பூசணி என்று தேடினேன், மறைந்திருந்த தவறுகள் வரிசையாகக் கிடைத்தன. அதில் ஒன்று மழைநாள் சம்பளத்தைத் தவறாகக் கழித்துக்கொண்டிருந்தது. அந்தப் பெயர் இல்லாவிட்டால் அத்தனையையும் கண்டுபிடித்திருக்க மாட்டேன். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் சொல்கிறேன், பெயர்களை வையுங்கள்.

வெள்ளைக்காரர்கள் ஸ்பகெட்டி என்கிறார்களே, கோ டு போட்டு இங்கேயும் அங்கேயும் தாவுகிற நிரலை, நாங்கள் அதை இடியாப்பம் என்போம். 1968-இலேயே கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா கோ டு வேண்டாம் என்று கடிதம் எழுதிவிட்டார். அந்தக் கடிதம் எங்கள் தோட்டத்து ஆபீசுக்கு வந்து சேரவில்லை போலிருக்கிறது, அவ்வளவு இடியாப்பம். சொதி ஊற்றினால் சாப்பிட்டுவிடலாம்.

வெள்ளைக்_கோப்பி (ஈப்போ)

வாங்க வாங்க, நல்ல பேச்சு. நான் ஜாவாக்காரன், ஜாவா என்ற கணினி மொழியில் நிரல் எழுதுகிறவன். பெயரே சாப்பாட்டுப் பெயர்தான், கடல் தாண்டினால் அந்தத் தீவு, அந்தத் தீவின் கோப்பி. 1995-இல் வெளியே வரும் முன்னால் அதற்கு ஓக் என்று மரத்தின் பெயர் இருந்தது. பிறகு பீன்ஸ் என்று ஒன்று வந்தது, அதுவும் கோப்பிக் கொட்டைதான்.

தம்பிமார்களிடம் இதைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள்: கம்பைல் செய்த ஏதாவது ஒரு ஜாவா கிளாஸ் கோப்பை, பைட்டுகளை எண்ணாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறக்கச் சொல்லுங்கள். முதல் நான்கு பைட் எப்போதும் ஒன்றேதான். பதினாறு அடிமான எண்ணில் ஏ முதல் எஃப் வரை எழுத்தும் வருமே, அந்த எழுத்துகளால் கஃபே பேபே என்று எழுதியிருக்கும். உலகத்தில் எந்த வங்கியின் ஜாவா நிரலைத் திறந்தாலும் வாசலில் ஒரு கோப்பிக் கடை. ஜேவிஎம் (ஜாவா நிரலை ஓட்டும் மென்பொருள்) அந்த நான்கு பைட்டைப் பார்த்துத்தான் இது நம் கோப்பு என்று உள்ளே விடும், இல்லாவிட்டால் வாசலோடு அனுப்பிவிடும். வேடிக்கைக்காக வைத்த பெயர் காவலுக்கு நிற்கிறது, எனக்கு இதில் மிகவும் சந்தோஷம்.

என் பழைய நிரலில் ஒன்று சொல்கிறேன். 1998 ஏப்ரல் 1-ஆம் தேதி, முட்டாள்கள் தினத்தில், கோப்பி போடும் பாத்திரத்தை இணையம் வழியாக இயக்குவதற்கு என்று லாரி மாசிண்டர் ஒரு விதிமுறை எழுதி வெளியிட்டார். அதில் 418 என்று ஒரு பிழை எண், நான் தேநீர்க் குடுவை, என்னிடம் கோப்பி கேட்காதே என்று அர்த்தம். நண்பன் ஒருவன் ஒட்டுக்கடைக்கு ஆர்டர் வாங்கும் செயலி எழுதிக் கேட்டான். அவன் கடையில் தே தாரேக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) மட்டும்தான், கோப்பி கிடையாது. யாராவது கோப்பி ஓ (பால் இல்லாத கோப்பி) என்று தட்டினால் சர்வர் 418 கொடுக்கும்படி வைத்தேன். வாடிக்கையாளருக்குத் திரையில் "கோப்பி இல்லை அண்ணே, தே போடட்டுமா" என்றுதான் வரும், எண் உள்ளே மட்டும். 2017-இல் அந்த எண்ணைச் சில பெரிய நிரல் நூலகங்களிலிருந்து எடுக்கலாமா என்று பேச்சு வந்தபோது உலகம் முழுக்க ஆள்கள் கூடாது என்று எழுதினார்கள். கடைசியில் 2022-இல் வந்த எச்டிடிபி (இணையப் பக்கங்களைப் பரிமாறும்) விதிமுறையில் 418-ஐ வேறு எதற்கும் கொடுக்காமல் ஒதுக்கி வைத்துவிட்டார்கள். ஆக வேடிக்கைக்கு ஆயுள் உண்டு அக்கா, உங்கள் மிட்டாயும் இருக்கட்டும்.

சுங்கைப்_பட்டாணி (சுங்கைப்பட்டாணிதான், வேறு எங்கே)

ஊர்ப் பெயரிலேயே பட்டாணி வைத்திருப்பவள் வந்திருக்கிறேன், எனக்கும் ஒரு இலை போடுங்கள்.

பினாங்கில் ஒரு தொழிற்சாலையில் கருவிகளுக்குள் ஓடும் நிரல் எழுதுகிறேன். எனக்கும் இந்தப் பெயர்கள் பிடித்திருக்கின்றன, சிரித்தும் விட்டேன், ஆனால் உப்பை மட்டும் மாற்றுங்கள் அக்கா, தயவுசெய்து. புதிதாக எழுதும்போது தம்பி கடை ஆள்களுக்கு லாகின் வைப்பான் இல்லையா? பாஸ்வேர்டை அப்படியே சேமிக்கக் கூடாது, ஹாஷ் செய்ய வேண்டும் (திருப்பி எடுக்க முடியாதபடி உருமாற்ற வேண்டும்), ஹாஷ் செய்யும் முன்னால் ஒவ்வொரு பாஸ்வேர்டோடும் ஒரு தனித் தற்போக்கு எண்ணைக் கலக்க வேண்டும். அதற்கு உலகம் முழுக்க வைத்திருக்கும் பெயர் உப்புதான். 1979-இல் யூனிக்ஸ் பாஸ்வேர்ட் பற்றி மோரிசும் தாம்சனும் எழுதிய கட்டுரையிலேயே அந்தப் பெயர் இருக்கிறது. அப்போது 12 பிட் உப்பு, இப்போது 128 பிட் சாதாரணம். இரண்டு பேர் ஒரே பாஸ்வேர்ட் வைத்தாலும் சேமித்தது வேறு வேறாக இருக்கும், களவு போனாலும் முன்பே கணக்குப் போட்டு வைத்த பட்டியலை வைத்து உடைக்க முடியாது.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஒரே நிரலில் ஒரு மூலையில் உப்பு என்றால் 0.06, இன்னொரு மூலையில் உப்பு என்றால் பாஸ்வேர்டில் கலப்பது. அந்த மலாய்ப் பையனுக்குத் தமிழ் உப்பு என்றால் சால்ட் என்று நீங்கள்தான் சொல்லிக்கொடுப்பீர்கள், அவன் நேராக லாகினில் கொண்டுபோய் 0.06-ஐக் கலந்தால்? எல்லாருக்கும் ஒரே உப்பு, அதுவும் ஊருக்கே தெரிந்த உப்பு. உப்பு இல்லாததும் அதுவும் ஒன்றுதான்.

மிட்டாய் வேறு. மிட்டாய் என்ன செய்கிறது என்று அதன் பெயரே சொல்கிறது, கடையில் நின்ற யாருக்கும் புரியும். என் அளவுகோல் இதுதான்: பெயரைக் கேட்டதும் வேலை தெரிந்தால் வை, பெயருக்குப் பின்னால் இருக்கும் கதை தெரிந்தால்தான் வேலை தெரியும் என்றால் மாற்று. பணம் கணக்காகும் இடத்தில் இதைக் கறாராகப் பாருங்கள், மற்ற இடத்தில் கொஞ்சம் தாராளமாக இருக்கலாம்.

இன்னொன்று, மிட்டாயைச் சோதித்தீர்களா? ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சமையலுக்குச் சரி, நிரலுக்கு ஆகாது. 1994-இல் இன்டெல் பென்டியம் சிப்பில் வகுத்தல் கணக்கு சில எண்களுக்கு மட்டும் தவறாக வந்தது, கோடிக்கணக்கான சோறு வெந்திருந்தது, எங்கோ ஒரு சோறு வேகவில்லை. அதற்கு அந்த நிறுவனம் 475 மில்லியன் அமெரிக்க டாலர் ஒதுக்க வேண்டியதாயிற்று. மிட்டாய்க்குக் கடைசி இலக்கம் 0 முதல் 9 வரை பத்தையும் சோதியுங்கள்: 1, 2 வந்தால் 0-க்கு இறங்க வேண்டும், 3, 4 வந்தால் 5-க்கு ஏற வேண்டும், 6, 7 வந்தால் 5-க்கு இறங்க வேண்டும், 8, 9 வந்தால் 10-க்கு ஏற வேண்டும். முடிந்தால் வெள்ளியில் (ரிங்கிட்டில்) கணக்குப் போடாமல் சென்னில் முழு எண்ணாகப் போடச் சொல்லுங்கள், தசமப் புள்ளியே நிரலுக்குள் வர வேண்டாம். விபி 6-இன் ரவுண்ட் ஃபங்ஷன் சரிபாதியில் நின்றால் இரட்டை எண் பக்கம் சாயும், 6.5 கொடுத்தால் 6, 7.5 கொடுத்தால் 8. பைத்தான் 3-இன் ரவுண்டும் அப்படித்தான். வரி கணக்கில் 1 வெள்ளி 25 சென்னுக்கு 6 விழுக்காடு 7.5 சென், இப்படிப் பாதியில் நிற்பது அடிக்கடி வரும்.

மளிகைப்_பிள்ளை

பட்டாணி அக்கா, கையெடுத்துக் கும்பிடுகிறேன். பாஸ்வேர்ட் உப்பு எனக்குத் தெரியும், ஆனால் பழைய புரோகிராமில் லாகினே இல்லை, சித்தப்பா கல்லாவில் உட்கார்ந்திருப்பதுதான் லாகின். அதனால் இரண்டும் ஒரே வீட்டில் சந்திக்கும் என்று தோன்றவே இல்லை. உப்பு ஜிஎஸ்டி என்று மாறிவிடும். ஜிஎஸ்டி காலத்துக் கணக்கை 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பதால்தான் அந்தப் பகுதியையே நீக்காமல் வைத்திருந்தோம், பழைய பில்லைத் திறந்தால் அன்றைய வரியோடு வர வேண்டுமே.

பத்தியத்தை என்ன செய்யலாம்? உப்பு போனபிறகு பத்தியத்துக்கு அர்த்தம் இல்லையே என்று மனசு கேட்கவில்லை.

சுங்கைப்_பட்டாணி

வரி பூஜ்யம் என்று வையுங்கள். "இன்று முதல் ஊரே பத்தியம்" என்ற குறிப்பை மட்டும் தேதியோடு அப்படியே விடுங்கள். 2018 ஜூன் 1 முதல் ஏன் எல்லாம் பூஜ்யம் என்று நாளைக்குப் படிப்பவன் கேட்பான், அதற்கு அதைவிட நல்ல பதில் எழுத முடியாது. குறிப்புக்கும் பெயருக்கும் வித்தியாசம் இருக்கிறது, குறிப்பைக் கம்ப்யூட்டர் படிக்காது, ஆள்தான் படிப்பான். அங்கே கதை சொல்லலாம்.

பழைய_கிராணி (கோலகங்சார்)

பிள்ளைகள் எல்லாருக்கும் வணக்கம். தோட்டத்து ஆபீசில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்றவன், பிற்பாடு கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு ஆபீசுக்கு வேண்டிய புரோகிராம்களை நானே எழுதினேன். நீங்கள் பேசுவதை ஆசையாகப் படித்துக்கொண்டிருந்தேன், ஒரு விஷயம் மட்டும் மனசில் பட்டது, சொல்லிவிடுகிறேன்.

ஊறுகாய். பிள்ளை, அது நல்ல பெயர்தான், நானும் சிரித்தேன். ஆனால் அந்த டேபிளில் இருப்பது தோட்டத்து ஆள்களின் கடன். முன்பு நம் ஆள்கள், இப்போது செம்பனைத் தோட்டத்தில் வங்காளதேசத்துப் பிள்ளைகளும் இந்தோனேசியாக்காரர்களும் அதிகம், அவர்களும் மாதக் கடைசியில்தான் கட்டுவார்கள். கடன் சொல்லி அரிசி வாங்குகிறவர் கல்லா முன்னால் நிற்கும்போது திரையில் அவர் பெயருக்குப் பக்கத்தில் ஊறுகாய் என்று வந்தால் அவர் மனசு என்ன பாடுபடும்? நான் பிரட்டுக் களத்தில் (காலையில் வேலையாள்கள் கூடும் இடத்தில்) பெயர் கூப்பிட்டு வளர்ந்தவன், ஆபீஸ் ஆள்கள் தங்களுக்குள் வைத்த பட்டப்பெயர் தவறிப்போய் சம்பளச் சீட்டில் அச்சாகி வந்து ஒரு அம்மா அழுததைப் பார்த்திருக்கிறேன். சாமானைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் வேடிக்கை செய்யுங்கள். கஷ்டப்படுகிற ஆளின் பெயரோடு ஒட்டி நிற்கும் இடத்தில் வேண்டாம்.

இன்னொன்று, பழைய குறிப்புகளைத் தமிழிலேயே எழுதியிருந்தால் இப்போது திறக்கும்போது படிக்க முடிகிறதா என்று பாருங்கள். நான் எழுதிய காலத்தில் யூனிகோட் (இன்று எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) நம்மிடம் புழக்கத்துக்கு வரவில்லை, டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியீட்டில் எழுதினோம், எழுத்துரு இருந்தால்தான் தமிழாகத் தெரியும். இப்போது திறந்தால் புள்ளி வைத்த ஐரோப்பிய எழுத்துகளாக வரும். அது கெட்டுப்போனது இல்லை, தமிழ் உள்ளேதான் இருக்கிறது, குறியீட்டு மாற்றி வழியாக விட்டால் யூனிகோடாகிவிடும். நிரல் கோப்பை முழுசாக மாற்றியில் போட்டுவிடாதீர்கள், குறிப்பு வரிகளை மட்டும் தனியாக எடுத்து மாற்றுங்கள், மூலக் கோப்பு ஒரு பிரதி தொடாமல் இருக்கட்டும்.

மளிகைப்_பிள்ளை

ஐயா, நீங்கள் சொன்னது சரி. கடைத் திரையில் "பாக்கி" என்றுதான் வரும், ஊறுகாய் உள்ளே டேபிளின் பெயர் மட்டும்தான். ஆனாலும் நீங்கள் சொன்ன பிறகு உள்ளேயும் வேண்டாம் என்று தோன்றுகிறது, ஏதாவது பிழைச் செய்தியில் டேபிள் பெயர் திரைக்கு வந்துவிட வாய்ப்பு உண்டு. அதைப் பாக்கி என்றே மாற்றச் சொல்கிறேன். குறிப்புகளில் பாதி தமிழில்தான், நீங்கள் சொன்ன அதே புள்ளி எழுத்துகள்! அவற்றை எல்லாம் வீண் என்று விட்டிருந்தோம். இன்று ராத்திரியே பிரதி எடுத்துக்கொண்டு முயற்சி செய்கிறேன்.

வெள்ளைக்_கோப்பி

கிராணி ஐயாவுக்கு என் வணக்கம். சம்பளச் சீட்டு விஷயம் படித்ததும் என் நிரல்களிலும் ஆள் பெயர் வரும் இடங்களைப் பார்த்துவிட்டு வந்தேன்.

தம்பிகளுக்கு ஒன்று, பைத்தானிலும் ஜாவாவிலும் பயன்படாத பொருளை நினைவகத்திலிருந்து தானே எடுத்துவிடும் வேலை நடக்கும் இல்லையா, அதைப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் வாழையிலை வைத்துத்தான் விளக்குவேன். சாப்பிட்டு முடித்தவர் இலையை மடித்து வைத்தால்தான் எடுப்பவர் எடுக்கலாம். இலை விரித்திருக்கும்போது, ஆள் கை கழுவப் போயிருந்தாலும், எடுக்கக் கூடாது, இன்னொரு கரண்டி ரசம் கேட்டு வந்து உட்காருவார். சாப்பிட்டு முடித்துவிட்டு மடிக்காமல் எழுந்து போனால் இலை அங்கேயே கிடக்கும், அடுத்த பந்திக்கு இடம் இருக்காது. மெமரி லீக் என்பது அவ்வளவுதான். ஒரு முறை சொன்னால் போதும், பிள்ளைகள் மறப்பதே இல்லை.

தண்டல்_பேரன்

அண்ணே அதை நான் எடுத்துக்கொள்கிறேன், நாளைக்கே எங்கள் ஆபீஸ் பிள்ளைகளிடம் சொல்லப் போகிறேன். டைக்ஸ்ட்ரா 1965-இல் கொடுத்த ஒரு தேர்வுக் கேள்வியிலிருந்து வந்த தத்துவஞானிகளின் விருந்தும் இருக்கிறதே, வட்ட மேசையில் ஐந்து பேர், ஐந்து முள்கரண்டி, சாப்பிட ஒருவருக்கு இரண்டு வேண்டும், எல்லாரும் ஆளுக்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டால் யாருக்கும் சாப்பாடு இல்லை. அந்த மேசையில் ஒரு கல்யாணப் பந்தியைப் போட்டால் பிரச்சினையே தீர்ந்துவிடும், கரண்டி பரிமாறுகிறவர் கையில் ஒன்றே ஒன்றுதான், அவர் வரிசையாக வருவார். உண்மையிலேயே ஒரு தீர்வு அதுதான், நடுவில் ஒரு பரிமாறுகிறவரை வைப்பது.

மளிகைத்_தம்பி (சுங்கை சிப்புட்)

அண்ணன்கள், அக்காக்கள், ஐயா எல்லாருக்கும் வணக்கம். அக்கா சொன்ன சித்தப்பா மகன் நான்தான். எல்லாவற்றையும் என் நண்பனுக்குப் படித்துக்காட்டினேன். மிட்டாயை அவனுக்கு விளக்கவே வேண்டியதில்லை. சின்ன வயதில் அவன் எங்கள் கடைக்கு முட்டை வாங்க வரும்போது அப்பா மீதிக் காசுக்குப் புளிப்பு மிட்டாய் கொடுப்பார், அவன் அதற்காகவே சரியான சில்லறை கொண்டுவர மாட்டான். அதனால் மிட்டாய் இருக்கும், அவன்தான் இருக்க வேண்டும் என்கிறான். பத்து இலக்கச் சோதனையும் அவனே எழுதிவிட்டான், பத்தும் சரியாக வந்தன.

ராத்திரிப் பேக்கப்பின் பழையது என்ற பெயரையும் வைத்துக்கொள்கிறோம். ஆனால் ஒரே பழையது இருந்தால் கெட்ட கோப்பு நல்ல கோப்பின் மேல் விழுந்துவிடும் என்று அவன் சொன்னான், அதனால் தேதி போட்டு ஒரு வாரத்துப் பழையதை வைக்கப் போகிறோம், ஒரு பிரதி கடைக்கு வெளியே.

எங்கள் பங்குக்கு ஒரு பெயர் வைக்க ஆசை. டியூட்நவ் கியூஆர் (ஃபோனில் கட்டத்தை ஸ்கேன் செய்து வங்கியிலிருந்து பணம் அனுப்பும் முறை) வழியாகப் பணம் வாங்கும் பகுதி புதிதாக எழுத வேண்டும். கியூஆர் சதுரம் சதுரமாக இருப்பதால் மைசூர்பாகு என்று வைக்கலாமா? நண்பன் இன்னும் மைசூர்பாகு சாப்பிட்டதில்லை, தீபாவளி வரைக்கும் பொறு என்று சொல்லியிருக்கிறேன்.

சுங்கைப்_பட்டாணி

தம்பி, தீபாவளி வரைக்கும் ஏன், இந்த வாரமே வாங்கிக் கொடு.

மைசூர்பாகு அழகான பெயர், ஆனால் என் அளவுகோல்படி பெயர் மட்டும் கேட்டால் வேலை தெரியாது. ஃபோல்டரின் பெயராக வைத்துக்கொள், உள்ளே இருக்கும் ஃபங்ஷன்களுக்குப் பணம் வந்ததா, பணம் திருப்பு என்று நேரான பெயர் வை. அப்புறம் இரண்டு விஷயம். ரொக்கமாகக் கொடுத்தால்தான் 5 சென் பிரச்சினை, கியூஆரில் 12 வெள்ளி 63 சென் அப்படியே அனுப்பலாம், அதனால் மைசூர்பாகு மிட்டாயைக் கூப்பிடக் கூடாது. இரண்டாவது, வாடிக்கையாளர் ஃபோன் திரையைக் காட்டியதும் பில்லை மூடும் வழி நிரலில் இருக்கவே வேண்டாம். பழைய படத்தைக் காட்டிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். வங்கியிலிருந்து செய்தி வந்து, தொகையும் பில் எண்ணும் பொருந்தினால்தான் பில் மூட வேண்டும். அதற்கான சோதனையையும் உன் நண்பனையே எழுதச் சொல், நன்றாக எழுதுகிறான்.

மளிகைத்_தம்பி

சரி அக்கா, ஃபோல்டருக்கு மட்டும் மைசூர்பாகு. சோதனையை அவன் ஆரம்பித்துவிட்டான், நான் மைசூர்பாகு வாங்கப் போகிறேன்.